வெளியிடத்தில் பெறப்பட்டது

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி ஆனால் பெட்டியக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். பதினொரு வருஷமாக அப்படித்தான். பிறப்பு இறப்புப் பதிவுத் தலைமையகத்தில் அவளுக்கு 'இளநிலை அட்டவணைப் பாதுகாப்பு உதவியாளர்' என்று முறைப்படி ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிவிடும் என்பதால் கடைநிலை ஊழியர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் பெட்டியக்கா என்றே கூப்பிட்டார்கள்.

வேலை எளிமையானது. நாட்டில் பிறந்த ஒவ்வொருவருடைய பதிவும் தலைமையகத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நாற்பதாயிரம் டேப்புகளில் நகல் எடுத்து, ஊருக்கு வெளியே மலையைக் குடைந்த ஒரு சுரங்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். எந்த டேப்பில் யார் இருக்கிறார் என்று சொல்வதற்கு ஓர் அட்டவணை. அட்டவணை தொலைந்தால் நாற்பதாயிரம் டேப்பும் வெறும் கறுப்பு டப்பாக்கள். அதனால் அட்டவணைக்கும் வாராவாரம் ஒரு நகல் எடுத்து, தலைமையகத்திலிருந்து குறைந்தது பதினைந்து கிலோமீட்டர் தள்ளி 'வெளியிடம்' என்ற கிளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சோப்புக்கட்டி அளவு டிஸ்க். அதற்கு ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்கு ஏழு அரக்கு முத்திரை. பெட்டியைச் சுமக்கப் பெட்டியக்கா.

பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது, இருக்கையில் வைக்கக் கூடாது, இரண்டு கைகளாலும் பிடித்திருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. வெளியிடத்துக்குப் போகும் பஸ்ஸில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். இரண்டு கையும் பெட்டியில் இருந்தால் கம்பியை எதனால் பிடிப்பது என்று அவள் முதல் வருஷமே எழுதிக் கேட்டாள். இரண்டு வருஷம் கழித்துப் பதில் வந்தது: 'கம்பியைப் பிடிப்பது பற்றி விதிகளில் ஏதும் கூறப்படாததால் பிடிக்கத் தேவையில்லை.' அதற்குள் அவள் பிடிக்காமல் நிற்கப் பழகியிருந்தாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன், "உன்னை மாதிரி பிரேக்குக்கு அசையாத ஆளை நான் பார்த்ததே இல்ல" என்று பெருமைப்படுவான்.

வெள்ளிக்கிழமை லீவு கிடையாது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. மகள் பள்ளியில் முதல் பரிசு வாங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பஸ்ஸில் நின்றுகொண்டே அவள் மனசுக்குள் கைதட்டினாள். இது வீண் போகவில்லை, நாட்டில் ஒரு பயல் பிறந்ததை யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதற்கு நான் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்புக்குச் சம்பளத்தைவிட மதிப்பு அதிகம்.

வெளியிடத்தில் பெட்டியை வாங்கிக்கொள்பவர் முத்திரை அண்ணன். பச்சைக் கதவுக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு ரப்பர் முத்திரை. பச்சைக்குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டிப் பெட்டியை வாங்குவார். ஏழு அரக்கையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். 'வெளியிடத்தில் பெறப்பட்டது' என்று ரசீதில் முத்திரை குத்துவார். பிறகு டீ வரும்.

"பொண்ணு என்ன படிக்கிறா இப்ப?"

"நர்ஸிங் கடைசி வருஷம்ணே."

"நல்ல கை ராசி இருக்கும் அவளுக்கு. அம்மாவோட பொறுமை வந்திருக்கும்ல."

பதினொரு வருஷத்தில் அவருடைய மனைவியின் மூட்டுவலி, இவளுடைய மாமியாரின் பிடிவாதம் எல்லாம் அந்த மேஜையில் பேசித் தீர்ந்திருந்தன. கூடப் பிறந்த அண்ணனிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தம் வரை வந்த பிறகுதான் கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனாள். பச்சைக் கதவுக்கு வெளியே தலைமையகத்து வேன் நின்றது. டிரைவர் அவளுடைய பெட்டியை ஒரு கையால் தூக்கி, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் போட்டார்.

"இதை எங்க கொண்டு போறீங்க?"

"உங்க ஆபீஸுக்குத்தான். வாராவாரம் போற சாமான்தானே." டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் அங்கதான போறீங்க? ஏறுங்க."

ஏறினாள். அந்த வழியில் அவள் உட்கார்ந்துகொண்டு போனது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி பின்னால் எகிறி எகிறி விழும் சத்தம் கேட்டது.

தலைமையகத்தின் அடித்தளத்தில் ஓர் அறை. கதவில் 'ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்டது' என்று எழுதியிருந்தது. உள்ளே அவள் பதினொரு வருஷமாகச் சுமந்த பெட்டிகள் வரிசை வரிசையாக, எண் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. அடுத்த அறையில் நாட்டின் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சத்தத்தை வைத்தே அது எந்த நாற்காலி என்று அவளுக்குத் தெரிந்தது. இடது பின்கால் தேய்ந்தது, அவளுடையதுதான்.

பேரிடர் மீட்பு அதிகாரியிடம் போனாள். அலுவலகத்தில் அவரைச் சுருக்கமாகப் 'பேரிடர்' என்பார்கள். 'பேரிடர் வந்தாச்சா', 'பேரிடர் இன்னைக்கு லீவு' என்று போனில் பேசுவது அங்கே சகஜம். பேரிடர் அவள் சொன்னதை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் யார் சொன்னது உங்களுக்கு?"

"கண்ணால பார்த்தேன் சார்."

"பார்க்கிறது உங்க வேலையில்லையேம்மா. கொண்டுபோய்க் குடுக்கிறதுதானே." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "விதி ஒண்ணு என்ன சொல்லுது? நகலை வெளியிடத்துல ஒப்படைக்கணும். ஒப்படைச்சாச்சு. விதி ரெண்டு என்ன சொல்லுது? ஈரப்பதம் கட்டுப்படுத்தின அறையில வைக்கணும். அந்த மாதிரி அறை நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு, நம்ம அடித்தளத்துல. ரெண்டு விதியையும் ஒரே நாள்ல நிறைவேத்துற நிர்வாகம் வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா? போன வருஷம் ஆய்வுக்கு வந்த குழு அசந்து போச்சு."

"இந்தக் கட்டடத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா சார்?"

"வெளியிடத்துலேர்ந்து எடுத்துக்குவோம்."

"அங்கதான் இல்லையே."

"ரசீது இருக்கே." பேரிடர் பக்கத்திலிருந்த தடிமனான கோப்பைத் தட்டினார். "ஐந்நூத்திச் சொச்சம் ரசீது. ஒண்ணுகூட விட்டுப்போகல. பேரிடர் மீட்புல பொருள் முக்கியமில்ல, ஒழுங்கு முக்கியம். நீங்க ரொம்ப ஒழுங்கான ஆளு. அப்படியே இருங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை முத்திரை அண்ணன் கையை நீட்டியபோது அவள் பெட்டியைக் கொடுக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

அவர் கை அப்படியே நின்றது. "உனக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன்."

"பொய் சொல்லாதீங்க."

"முதல் வருஷமே சொல்லணும்னு இருந்தேன்மா. அப்புறம் நீ பாட்டுக்கு அவ்வளவு அக்கறையா கொண்டு வருவே. மழையில பெட்டிக்குக் குடை புடிச்சுக்கிட்டு நீ நனைஞ்சு வந்தே ஒரு நாள். அதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?"

அவள் பெட்டியை மேஜையில் வைத்தாள், ரசீதை வாங்கினாள், டீ வருவதற்குள் கிளம்பிவிட்டாள். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை.

ஆனால் ஒரு வேலை செய்தாள். வாராவாரம் அட்டவணையை நகலெடுத்து முடித்ததும் கம்ப்யூட்டர் 'இன்னொரு நகல் வேண்டுமா?' என்று கேட்கும். பதினொரு வருஷமாக 'வேண்டாம்' என்றே அழுத்திப் பழகிய விரல், இப்போது 'வேண்டும்' என்று அழுத்தியது. அந்த இரண்டாவது டிஸ்க்கைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், டிரங்குப் பெட்டியில் கம்பளிகளுக்கு நடுவில் வைத்தாள். புதிது வந்தால் பழையதை அழிப்பாள். யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது வாரம் முத்திரை அண்ணன் கண் கலங்கிவிட்டார். "நான் சரியா சாப்பிட்டே நாளாச்சும்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அத்தனை சனங்க பாவமும் என் தலையிலதான் விடியும்." ஐம்பத்தேழு வயது ஆள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "விடுங்கண்ணே. ஒண்ணு என் வீட்ல பத்திரமா இருக்கு. வாராவாரம் மாத்தி வைக்கிறேன். நீங்க நிம்மதியா இருங்க." அவர் நிமிர்ந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு இரண்டு டீ வந்தது.

எட்டு மாதம் கழித்து வருடாந்திரப் பேரிடர் ஒத்திகை வந்தது. பந்தல் போட்டு, சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டு, பேரிடர் ஒலிபெருக்கியில் பேசினார்: "பேரிடர் நம்மை எதிர்பார்த்து வருவதில்லை. நாம்தான் பேரிடரை எதிர்பார்த்து, வரவேற்று, உட்கார வைக்க வேண்டும்." கைதட்டல் ஓய்ந்ததும் சிறப்பு விருந்தினர் தீயணைப்புக் குழாயின் சக்கரத்தைத் திருப்பித் திறந்துவைத்தார். தண்ணீர் நன்றாக வந்தது. சக்கரம் அவர் கையோடு வந்துவிட்டது.

தெருவில் இருக்கும் பிரதான வால்வை மூடலாம். மூடுவதற்கு ஒரு சாவி உண்டு. சாவி எங்கே என்று தேடினார்கள். பேரிடர் காலத்தில் தொலையக் கூடாது என்று அதை வெளியிடத்தில் வைத்திருந்தார்கள். அந்த அலுவலகம் வெளியிடத்தில் உண்மையாகவே வைத்திருந்த ஒரே பொருள் அதுதான். ஆள் போய் வாங்கி வர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் தண்ணீர் கூரையைத் தொட்டிருந்தது. கம்ப்யூட்டர் போயிற்று, அதிலிருந்த அட்டவணை போயிற்று, அட்டவணையின் அத்தனை நகல்களும் போயின. மாலையில் பேரிடர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: 'ஒத்திகை முழு வெற்றி. பேரிடர் குறித்த நேரத்தில் நிகழ்ந்தது.'

மறுநாளிலிருந்து நாட்டில் யாரும் பிறந்திருக்கவில்லை. சான்று கேட்டு வந்தவர்களின் வரிசை தெருமுனையைத் தாண்டியது. வீட்டில் இருக்கும் பழைய தாளைக் காட்டினால், பதிவோடு ஒத்துப் பார்க்காமல் செல்லாது என்றார்கள். 'தற்காலிகப் பிறப்பு' என்று ஒரு ஜன்னல் திறந்தார்கள். பிறந்தவர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் தொண்ணூறு நாளைக்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் சாட்சிகள் தாங்கள் பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பல்லெல்லாம் போனவர், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "நான் இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார். "பொறந்த பிறகு வாங்க பெரியவரே" என்றாள் ஜன்னலில் இருந்த பெண், மரியாதையாகவே.

டேப்புகள் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் நாளைக்கு ஒன்று வீதம் நூற்றொன்பது வருஷம் ஆகும் என்று கணக்குப் பார்த்தார்கள். 'பணிகள் முழுவீச்சில் நடக்கின்றன' என்று பலகை வைத்தார்கள்.

பெட்டியக்காவின் மகளுக்கு அந்த வாரம்தான் வேறு நாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து வேலை உத்தரவு வந்திருந்தது. முப்பது நாளுக்குள் புதிதாக வாங்கிய பிறப்புச் சான்று அனுப்ப வேண்டும்.

பெட்டியக்கா கம்பளியிலிருந்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராகப் பேரிடரின் அறைக்குப் போனாள். அவர் அதைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "தெய்வமா வந்தீங்கம்மா. ஒண்ணும் பிரச்சினையில்ல. இது வெளியிடத்துல இருந்து வந்ததுன்னு வச்சுக்குவோம். அங்க இருக்கிறவர்கிட்ட ஒரு தாள் மட்டும் வாங்கிடுங்க, ஒண்ணு அங்கேயே தங்கிடுச்சுன்னு. உங்க பேரு எங்கயும் வராது."

பெயர் வரவில்லையே என்று அவள் வருத்தப்படவில்லை. முத்திரை அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"இதுகூடச் செய்ய மாட்டேனாம்மா உனக்கு" என்றார் அவர். "நாளைக்குக் காலையில தாளு உங்க ஆபீஸ்ல இருக்கும்."

காலையில் தாள் இருந்தது. பேரிடர் அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மேற்படி ஊழியர் எட்டு மாதங்களாக அரசு அட்டவணையை அனுமதியின்றி நகலெடுத்துத் தன் வீட்டில் வைத்திருந்ததாகவும், இதைத் தன்னிடம் அவரே நேரில் சொன்னதாகவும், பெட்டிகளைத் திருப்பி அனுப்பியதில் தனக்குச் சொந்தப் பொறுப்பு ஏதும் இல்லை என்றும் அதில் இருந்தது. கீழே முத்திரை அண்ணனின் கையெழுத்து. பழக்கமான கையெழுத்து. ஐந்நூறு ரசீதில் பார்த்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள். "நேத்து நீங்கதானே சார் சொன்னீங்க..."

"நேத்து எனக்குத் தெரியாதேம்மா."

"நேத்து நானே உங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க. எழுத்துல வரலையே. எழுத்துல வர்ற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. வந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது. அது ஏமாத்து வேலை." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "உங்க வீடு ஆபீஸ்லேர்ந்து எவ்வளவு தூரம்?"

"ஒன்பது கிலோமீட்டர்."

"பதினைஞ்சாவது இருந்திருக்கலாம்" என்றார்.

டிஸ்க்கைச் சான்றுப் பொருள் என்று உறையில் போட்டுச் சீல் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது. மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. முதல் நாளே தடங்கல். குற்றம் சாட்டப்பட்டவரின் பணிக் கோப்பில் பிறப்புச் சான்று இணைக்கப்பட வேண்டும். கேட்டு எழுதினார்கள். அப்படி ஒருவர் பிறந்ததாகப் பதிவு கிடைக்கவில்லை என்று அதே அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பிறக்காத ஒருவரைப் பணி நீக்கம் செய்ய முடியுமா என்று குழுத் தலைவர் சட்டப் பிரிவிடம் கருத்துக் கேட்டார். பணியில் சேர்க்கவே முடியாதே என்றது சட்டப் பிரிவு. இப்படியே ஒரு மாதம் போயிற்று.

முப்பதாவது நாள் மகள் அந்த வேலை உத்தரவை மடித்து மேஜை இழுப்பில் போட்டாள். "பரவால்லம்மா" என்றாள். "நான் பொறந்தேன்னு உனக்குத் தெரியும்ல." பெட்டியக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நாற்பத்தொன்றாவது நாள் குழு ஒரு முடிவுக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் பிறந்த தேதியைக் கண்டறியும் நோக்கத்துக்காக மட்டும் சான்றுப் பொருளைத் திறக்கலாம். திறந்தார்கள், புதுக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். பதினேழாயிரத்து இருநூற்றாறாம் டேப்பில் அவள் கிடைத்தாள். அவளைத் தேடிய அட்டவணையிலேயே மற்ற எல்லோரும் இருந்ததால், அவர்களும் வேறு வழியில்லாமல் பிறந்துவிட்டார்கள். ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதற்காக நாடு முழுக்க மறுபடி பிறந்தது. தபால்காரருக்குச் சான்று கிடைத்தது. பேரிடருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பாராட்டு விழாவில் அவர், "இந்த மீட்புக்குத் தனி ஒருவர் யாரும் காரணமல்ல" என்று பேசினார். பெட்டியக்காவுக்குப் பணி நீக்க உத்தரவு தபாலில் வந்தது. பிறந்த தேதி சரியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை வேளையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. முத்திரை அண்ணன் நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை, சட்டைப் பையில் தலைமையகத்து அடையாள அட்டை. அவளுடைய நாற்காலியை அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அவள் உள்ளே வரச் சொல்லவில்லை. நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தாளைத் தலைமையகத்துலேர்ந்து அவங்களே டைப் பண்ணிக் கொண்டு வந்தாங்கம்மா" என்றார். "ஒண்ணு நீ, இல்லேன்னா நான்னு சொன்னாங்க. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷம்தான். கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் கேட்டாள்.

"படிச்சேன்" என்றார் அவர்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "ரெண்டு வாரமா அட்டவணை நகல் எடுக்கலம்மா. எனக்கு அதுல ஒண்ணும் புரியல. யாருக்கும் தெரியல. நீதான்..."

கதவைச் சாத்தியிருக்கலாம். அவள் சாத்தவில்லை. அந்த இரண்டு வாரத்தில் நாட்டில் எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கும் என்று அவளுக்கு ஏறக்குறையத் தெரியும். எந்தத் திரையைத் திறக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும், நகல் முழுசாக வந்ததா என்று எப்படிச் சரிபார்க்க வேண்டும், 'இன்னொரு நகல் வேண்டுமா' என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் சுவரில் நோட்டை வைத்து எழுதினார். புரியாத இடத்தில் திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னாள்.

"அவ்வளவுதானாம்மா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு."

அவர் பேனாவை மறுபடி திறந்தார்.

"ரெண்டாவது நகலை எங்க வச்சிருக்கீங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்கிறவங்ககிட்ட முக்கியமாச் சொல்லாதீங்க."

அதையும் அவர் எழுதிக்கொண்டார்.